ஆலை நகரங்களின் அடியில் கிடக்கும் தண்ணீர்ச் சுரங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சுரங்கத்துக்குள்ளெல்லாம் போவீர்களாமே?" என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்து என்னென்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். ஆற்றோரம் எழுந்த பழைய பஞ்சாலை, மாவு மில், காகித ஆலை நகரங்களில் இயந்திரங்களைச் சுற்ற வைத்த தண்ணீர், தரைக்கடியில் வந்துபோன வழிகளைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுரங்கம் என்கிறீர்களே, அது சாக்கடைதானே?

இல்லை. சாக்கடை கழிவைக் கொண்டுபோகக் கட்டியது. இது ஆலையை ஓட்டக் கட்டியது. நிலக்கரி வருவதற்கு முன் இந்த ஆலைகளுக்கு முக்கிய விசை ஆற்றுத் தண்ணீர்தான்.

ஆற்றின் மேல்பக்கம் ஒரு தடுப்பணை. அங்கிருந்து வரத்துக் கால்வாய். ஆலைக்கு முன்னால் ஷட்டரும், இலை, கட்டை உள்ளே போகாமல் தடுக்க இரும்புக் கம்பித் தட்டியும் இருக்கும். அதைத் தாண்டியதும் தண்ணீர் சரேலென்று கீழே இறங்கிச் சக்கரக் குழியில் விழும். முதலில் மரச் சக்கரம், பிறகு டர்பைன். வேலை முடிந்த தண்ணீர் அடியிலிருக்கும் சுரங்கம் வழியாக மறுபடி ஆற்றுக்கே போய்ச் சேரும். இந்தக் கடைசித் துண்டைத்தான் நான் போக்குச் சுரங்கம் என்று சொல்வேன். உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் போவது இதற்குள்தான், ஏனென்றால் இதன் வாய் ஆற்றங்கரையில் திறந்து கிடக்கும்.

திறந்த வாய்க்காலாக விட்டிருக்கலாமே, எதற்கு இவ்வளவு செலவு செய்து தரைக்கடியில்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். நொடிக்கு 1 கன மீட்டர் தண்ணீர் 1 மீட்டர் உயரம் விழுந்தால் ஏறக்குறைய 9.8 கிலோவாட் விசை. ஆற்றில் வரும் தண்ணீரைக் கூட்டுவது ஆலைக்காரர் கையில் இல்லை. விழும் உயரத்தைக் கூட்டலாம். வரத்துக் கால்வாயை முடிந்தவரை மட்டமாகவே ஓட்டிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் ஆறு இறங்கிக்கொண்டே போகும். அந்த வித்தியாசம்தான் ஆலையின் சொத்து. சக்கரத்தைத் தாண்டிய தண்ணீரையும் அங்கேயே ஆற்றில் விடாமல் இன்னும் தள்ளிப் போய் விட்டால், இடைப்பட்ட தூரத்தில் ஆறு இறங்கிய உயரமும் சேர்ந்து கிடைக்கும். ஒரு சொட்டு கூடுதல் தண்ணீர் இல்லாமல் கூடுதல் விசை.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பேங்க் மில் இருக்கிறது, 1784இல் தொடங்கியது. அங்கே இதற்காகவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, தண்ணீரை பாலின் ஆற்றின் கீழ்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவ்வளவு தூரம் தோண்டிக் கிடைத்தது சில மீட்டர் உயரம்தான். அந்தச் சில மீட்டருக்கு அன்று என்ன மதிப்பு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் தண்ணீரை விசையாகவே விற்றார்கள். 30 அடி உயரத்தில் நொடிக்கு 25 கன அடி என்பது ஒரு 'மில் பவர்'. நம் கணக்கில் நொடிக்கு 700 லிட்டர் சொச்சம், 85 குதிரைத் திறன். ஆலைகள் இத்தனை மில் பவர் வேண்டும் என்று குத்தகை எடுத்தன.

இன்னொரு காரணம் இடம். ஆற்றோரம் ஆலை, ஆலைக்குப் பின்னால் சாலை, அதற்குப் பின்னால் வீடுகள். வாய்க்காலுக்கு மேல் வளைவு கட்டி மூடிவிட்டால் மேலே இன்னொரு கட்டடம் எழுப்பலாம்.

உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன?

நீர்விசையில் ஓடிய ஆலை நகரம் எதுவானாலும் அடியில் கொஞ்சம் இருக்கும். எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

லோவெலில் தெருவுக்கு அடியில் மூன்று வளைவுகளாகப் பக்கம் பக்கமாகப் போகும் மூடிய வழி ஒன்று உண்டு. 1840களின் கடைசியில் கட்டியது, ஒரு கால்வாயிலிருந்து இன்னொரு கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோவது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் கிளைட் ஆற்றுத் தண்ணீரைப் பாறையைக் குடைந்து ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலியின் போலோஞ்யாவில் பட்டு ஆலைகளை ஓட்டிய கால்வாய்கள் பெரும்பாலும் தெருக்களுக்கு அடியில் போய்விட்டன. ஒரு சுவரில் சின்ன ஜன்னலைத் திறந்தால் வீடுகளுக்கு நடுவே கால்வாய் ஓடுவது தெரியும். சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு வேடிக்கையாகப் படுவது இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டு. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் அங்கே நூற்பாலை தொடங்கியபோது நம்பிய தண்ணீரில் ஒரு பங்கு, பக்கத்து ஈயச் சுரங்கத்தை வடிக்க வெட்டிய வடிகாலிலிருந்து வந்தது. பூமிக்குள்ளிருந்து வருவதால் குளிர்காலத்திலும் உறையாது, ஆலைக்கு வரப்பிரசாதம். அதைவிடத் தாழ்வாக இன்னொரு வடிகாலை வேறு ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்தார்கள். தண்ணீர் தாழ்ந்த பக்கம்தானே போகும்? 1840களில் ஆலைக்கு அந்த வரத்து வற்றிப்போனது. யாரும் திருடவில்லை, யாரும் அடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய கட்டுமானம் எப்படி மறந்துபோகும்?

ஒரே நாளில் யாரும் மறப்பதில்லை. நீராவி இயந்திரம் வந்ததும் தண்ணீர் துணை விசையானது. மின்சாரம் வந்ததும் அதுவும் வேண்டாமென்று ஆனது. ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள். ஆலை கை மாறியது, பிறகு கிடங்கானது, பிறகு இடிந்தது. எந்த ஷட்டர் எதைத் திறக்கும் என்று தெரிந்த மேஸ்திரி ஓய்வு பெற்றார். வரைபடங்கள் கம்பெனி மூடிய அன்று குப்பைக்குப் போயிருக்கும், அல்லது ஏதாவது ஓர் ஆவணக் காப்பகத்தில் தலைப்பில்லாத கட்டில் கிடக்கும். மேலே தார்ச்சாலை போட்டவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டதே, உள்ளே தண்ணீர் இருக்காதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆலைக்காரர்தான் சுரங்கத்தைக் கைவிட்டார். தண்ணீர் கைவிடவில்லை. பழைய ஷட்டர்கள் ஒழுகுகின்றன. பிற்காலத்தில் மழைநீர் வடிகால்களை இதில் இணைத்திருப்பார்கள், ஏனென்றால் ஆற்றுக்குப் போகும் வழி தயாராக இருந்தது. சில ஊர்களில் சிறு மின் நிலையங்கள் அதே கால்வாயை இன்றும் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் ஹோலியோக்கில் மூன்று அடுக்காக இறங்கும் ஆலைக் கால்வாய்களில் இப்போதும் மின்சாரம் எடுக்கிறார்கள். தானியங்கி ஷட்டர் திறப்பதற்கு முன்னால் உங்களைக் கேட்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு போக்குச் சுரங்கத்தில் வாயிலிருந்து 60 மீட்டர் போல உள்ளே இருந்தோம், நானும் ஒரு நண்பரும். கணுக்காலளவு தண்ணீர், அடியில் கிடக்கும் செங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரித் தெளிவு. வெளியே நல்ல வெயில். முதலில் மாறியது சத்தமும் இல்லை, உயரமும் இல்லை, நிறம். டீத்தூள் கொட்டியது போலக் கறுப்பாக இலைத் துணுக்குகள் மிதந்து வந்தன. நண்பர் இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். வாயை அடைந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. கடைசிப் பத்து மீட்டரைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தோம். ஆற்றின் மேல்பக்கம், எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மழை பெய்திருக்கிறது. நாங்கள் இருந்த இடத்து வானிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியது எங்கள் முட்டாள்தனம்.

வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நுழைந்ததும் கூரையைப் பாருங்கள். உச்சியில் குச்சியும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தால், தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள்.

காற்று இருக்குமா?

இருக்கும். மூச்சுவிடத் தகுந்த காற்றா என்பதுதான் கேள்வி. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே போனால் மீட்டர் அலறும், நீங்கள் திரும்ப வேண்டும். மட்கும் இலை ஆக்சிஜனைத் தின்னும். துருப்பிடிக்கும் இரும்பும் தின்னும் என்பது பலருக்குத் தெரியாது. காற்றோட்டம் இல்லாத முட்டுச்சந்தில் இது மெதுவாக நடந்துகொண்டே இருக்கும், அதற்கு மணமோ நிறமோ கிடையாது.

சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு அடைந்து கிடக்கும். கால் வைத்துக் கலக்கும்போது மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்: பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றது என்று நிம்மதியாகும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

மெழுகுவத்தி கொளுத்திப் பார்ப்பது பழைய கதை. மீத்தேன் இருந்தால் அந்த மெழுகுவத்தியே போதும், கதை முடிந்தது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் அளக்கும் மீட்டர் சட்டையில் மாட்டியிருக்க வேண்டும். இல்லாதவர் வாயிலோடு நின்றுகொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கத்தான் தோன்றும். மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986இல் எழுதியது. மனசு கேட்காதுதான். ஆனாலும் வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதுதான் உதவி.

உள்ளே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

இதைக் கேட்டால் என்னை நிறுத்த முடியாது.

முதல் பத்தடி குப்பை. அப்புறம் செங்கல் வளைவு தொடங்கும். மூன்று நான்கு அடுக்காகச் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, கீழே மரச் சாரம் கொடுத்து, கட்டி முடித்ததும் சாரத்தை உருவியிருப்பார்கள். சில இடங்களில் சாந்தின் மேல் அந்தச் சாரப் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கும். மரம் மட்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், ரேகை இருக்கும்.

கூரையில் வெள்ளை வெள்ளையாகக் குச்சி தொங்கும். சாந்திலிருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்து, சொட்டு சொட்டாக விட்டுப்போனது. குகைகளில் வருவது போலத்தான், ஆனால் பல மடங்கு வேகமாக வளரும். உள்ளே பொள்ளலான குழாய், ஸ்ட்ரா தடிமன். நுனியில் ஒரு சொட்டு நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தச் சொட்டின் மேல் மெல்லிய ஏடு மிதப்பது தெரியும். காரத்தன்மை அதிகம், கண்ணில் விழ விடாதீர்கள்.

இன்னும் உள்ளே போனால் சுவர் மாறும். செங்கல் முடிந்து கருங்கல், சில ஊர்களில் வெட்டிய பாறையே. உளிக் கோடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஆள் எந்தத் திசையிலிருந்து குடைந்து வந்தான் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கக் கோடுகளும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் தரை கொஞ்சம் மேடு தட்டியிருந்தால், இரண்டு அணியும் துல்லியமாகச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த மேட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேஸ்திரிகள் இருவரும் அன்று என்ன பேசிக்கொண்டார்களோ.

கடைசியில் சக்கரக் குழி. நீண்டு குறுகிய பிளவாக இருந்தால் நீர்ச்சக்கரம் நின்ற இடம். வட்டமாகக் கிணறு போல இருந்தால் டர்பைன். 1827இல் பிரான்சில் ஃபூர்னெய்ரோன் முதல் டர்பைனை ஓட்டிக் காட்டினார். 1840களின் கடைசியில் லோவெலில் ஜேம்ஸ் பிரான்சிஸ் திருத்தி அமைத்த டர்பைன் வடிவம் இன்றும் உலகமெங்கும் அணைகளில் சுற்றுகிறது. நீளக் குழிக்குள் வட்டக் குழியைப் புதைத்த மாதிரி இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு டர்பைன் வைத்திருக்கிறார்கள்.

தரையை நம்பி நடக்கலாமா?

கூடாது. சேற்றின் மேல் காய்ந்த ஏடு கெட்டித் தரை போலத் தெரியும். தண்ணீர் முழங்காலளவு என்று நடந்துபோகும்போது சக்கரக் குழி வந்தால் அடுத்த அடியில் ஆளே முழுகிவிடும். ஷட்டர் இருந்த இடத்தில் பலகை போட்டு மூடியிருப்பார்கள், பலகை இற்றுப்போயிருக்கும். நீளக் கம்பு ஒன்றை முன்னால் குத்திக் குத்திப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இடிந்து விழுமா?

நல்ல செங்கல் வளைவு சும்மா விழாது. எடை ஏற ஏற இறுகும். வளைவின் உச்சியில் நீளவாக்கில் விரிசல், உதிர்ந்த செங்கல் குவியல், சுவர் உள்பக்கம் தள்ளியிருப்பது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்புங்கள்.

பாறைச் சுரங்கத்தில் கதை வேறு. மினியாபோலிஸில் செயின்ட் அந்தோணி அருவிக்கு அடியில் ஓர் ஆலைச் சுரங்கம் வெட்டினார்கள். மேலே சுண்ணாம்புக் கல் மூடி, கீழே கையால் உதிர்க்கக் கூடிய மணற்கல். 1869 அக்டோபரில் ஆறு அதற்குள் உடைத்துக்கொண்டு இறங்கியது. அருவியே அரித்துப் போய்விடும் நிலை. ஊர்க்காரர்கள் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஓட்டையில் இறக்கிப் பார்த்தார்கள். அடியில் கான்கிரீட் சுவர் எழுப்பி ஆற்றை நிறுத்த 1876 ஆனது.

தனியாகப் போகலாமா?

போகக் கூடாது.

என்னென்ன எடுத்துக்கொண்டு போவது?

ஹெல்மெட், ஒவ்வொருவருக்கும் மூன்று விளக்கு, வாயு மீட்டர், கம்பு, காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ், கையுறை. மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை வேண்டாம். ஓடும் தண்ணீரில் விழுந்தால் அதோடு எழுந்திருப்பது பெரும்பாடு. உள்ளே போன் வேலை செய்யாது. அதனால் வெளியே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் எழுதிய நேரத்தோடு. "மூன்று மணிக்குள் வராவிட்டால் தீயணைப்புத் துறைக்குப் போன் போடு, நீ உள்ளே வராதே." இதே வார்த்தைகளில் சொல்லிவிட்டுப் போவேன்.

எலி, வௌவால், நோய்?

எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். சிராய்ப்பு, கண், வாய் வழியாக ஏறும். ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் சுரங்கத்துக்குப் போனதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஃபுளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

வௌவால் நம்மை ஒன்றும் செய்யாது. நாம்தான் அதைச் செய்கிறோம். குளிர்நாடுகளில் குளிர்காலம் முழுக்க உடம்புக் கொழுப்பை வைத்தே தூங்கும். டார்ச் அடித்து எழுப்பினால் அந்தக் கையிருப்பு கரையும். வட அமெரிக்காவில் 2006இல் முதலில் கண்ட, வௌவால்களைத் தாக்கும் வெள்ளை மூக்கு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. பூட்ஸிலும் கயிற்றிலும் ஒட்டிப் போகும். தூங்கும் வௌவாலைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள், பொருள்களைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த சுரங்கத்துக்குப் போகாதீர்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா? யார் கொடுப்பார்கள்?

வேண்டும். யார் என்பதுதான் தலைவலி. நிலம் ஒருவருடையது, தண்ணீர் உரிமை இன்னொருவருடையது, மேலே சாலை மாநகராட்சியுடையது. வாய் அமைந்திருக்கும் நிலத்துக்காரரிடமிருந்து ஆரம்பியுங்கள். மின் நிலையம் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். பராமரிப்புக்காகக் கால்வாயை வடிக்கும் நாள் ஒன்று இருக்கும், அந்த நாளில் அவர்கள் ஆளோடு போவது போன்ற வாய்ப்பு வேறு கிடையாது. படம் எடுத்து அவர்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சுரங்கத்தின் இன்றைய நிலை அவர்களுக்கும் தெரிய வேண்டியிருக்கும்.

எங்கள் ஊரில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே போவதைவிட இதில்தான் எனக்கு ருசி அதிகம். அமெரிக்காவில் சான்பார்ன் கம்பெனி, பிரிட்டனில் கோட் கம்பெனி தீக் காப்பீட்டுக்காக ஊர் ஊராக வரைந்த படங்கள் உண்டு. எந்தக் கட்டடம் செங்கல், எது மரம், ஆலைக்கு விசை எங்கிருந்து என்பது வரை குறித்திருப்பார்கள். கால்வாய் ஒரு கட்டடத்தின் சுவரில் முட்டி நின்று, எதிர்ப்பக்கம் ஆற்றோரம் மறுபடி முளைத்தால், நடுவில் இருப்பது சுரங்கம்.

அந்தப் படத்தை இன்றைய படத்தின் மேல் வைத்துவிட்டு நடக்கப் போங்கள். ஆற்றங்கரைச் சுவரில் பாதி புதைந்த வளைவு தெரிகிறதா? சாலை ஒரே கோட்டில் லேசாக அமுங்கியிருக்கிறதா? வறட்சியிலும் ஒரு கோட்டில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா? குளிர்நாட்டில் பனி முதலில் உருகும் இடம் எது? தெருவில் பதித்த எந்த இரும்பு மூடியருகே நின்றால், மழையில்லாத நாளிலும் அடியில் சலசலப்பு கேட்கிறது? காலை ஐந்து மணிக்கு, வண்டிச் சத்தம் தொடங்குமுன், மூடியில் காதை வைத்து நின்ற நாட்கள் எனக்கு உண்டு. போலீஸ்காரர் ஒருமுறை விசாரித்தார். சொன்னதும் அவரும் குனிந்து கேட்டார்.

உள்ளே போகாமலே பார்க்க முடியாதா?

முடியும், பலருக்கு அதுவே போதும். லோவெலில் 1978 முதல் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. டர்பைனையும் அதன் தண்ணீர் வழியையும் காட்டுகிறார்கள். மினியாபோலிஸில் மில் ரூயின்ஸ் பார்க்கில், மண்மூடிக் கிடந்த போக்குச் சுரங்கங்களின் வாய்களைத் தோண்டி வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். குவாரி பேங்கில் நீர்ச்சக்கரத்தையே பார்க்கலாம்.

உள்ளே ஏதாவது கிடைத்தால் எடுத்து வரலாமா?

வேண்டாம். நான் ஒருமுறை எடுத்தேன். சேற்றில் கிடந்த மரத் தார்க்கட்டை, நூல் சுற்றுவது. கழுவியதும் நேற்று கடைந்தது போல இருந்தது. கழுத்தில் நூல் அறுத்த வரிகள்கூட எண்ணும்படி இருந்தன. மேசையில் வைத்தேன். தண்ணீரிலேயே ஊறியிருந்த மரம், காயக் காய முதலில் மயிரிழை போல ஒரு விரிசல், மூன்றாவது வாரம் நுனியிலிருந்து நுனிவரை பிளந்து இரண்டாகிவிட்டது. அந்த இரண்டு துண்டும் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன, ஒரு ரப்பர் பேண்டில்.